நாற்பத்தைந்தின் சத்தம்

புதிதாக பஸ் எடுக்க வந்திருக்கும் தம்பிமாருக்கு,

சங்கக் கூட்டத்தில் உங்கள் முன்னால் எழுந்து பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மடுல்சீமைக்கும் பதுளைக்கும் நடுவில் இருபத்தாறு வருடம் ஓட்டியிருக்கிறேன். அத்தனை வருடத்தில் பயணிகளோடு பேசியதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு பகலுக்குக்கூட வராது. அதனால் எழுதித் தருகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். யாராவது வாசியுங்கள். நான் கடைசி வரிசையில் இருப்பேன், திரும்பிப் பார்க்க வேண்டாம்.

மழையில் பிரேக்கை எப்படி மிதிப்பது, வளைவில் எந்தக் கியரில் இறங்குவது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. மடுல்சீமை ரோடு ஒரே மாதத்தில் அதைச் சொல்லிக்கொடுத்துவிடும். தேநீர்க் கடையில் நீங்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "அண்ணே, பொலிஸ்காரங்க ஸ்பீட் கன்னோட எங்க நிப்பாங்க? எத்தன மணிக்கு வருவாங்க?" அது எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவனை நம்பி நீங்கள் மாட்டிக்கொண்டால் அதற்கும் நான் பொறுப்பில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமைக் காலை மட்டும்.

அப்போது நான் ஓட்டிய பஸ்ஸில் வேகம் காட்டும் மீட்டர் வேலை செய்யாது. நான் பொறுப்பெடுப்பதற்கு முன்பே அதன் கேபிள் அறுந்திருந்தது. மலை ஏறினாலும் இறங்கினாலும் முள் பூச்சியத்திலேயே படுத்திருக்கும். அதைப் பார்த்தால், நான் இத்தனை வருடம் நின்ற இடத்திலேயே நின்றேன் என்றுதான் நினைப்பீர்கள்.

ஆனால் வேகம் எனக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸே சொல்லும். முப்பதில் இடது பக்கம் மூன்றாவது ஜன்னல் கண்ணாடி முனக ஆரம்பிக்கும். நாற்பதில் பின்கதவுக் கொண்டி தட்டும். நாற்பத்தைந்தைத் தொட்டால் என் சீட்டுக்கு அடியிலுள்ள சாமான் பெட்டி கிலுகிலுக்கும். ஐம்பதில் இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரு கச்சேரி. அறுபதுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை, பயணிகளே கத்துவார்கள். இதை நான் ஒரு வித்தை என்றே நினைத்துப் பெருமைப்பட்டிருந்தேன். இப்போது சொல்கிறேன், அது சோம்பல். கேபிள் மாற்ற அரைநாள் போதும். அந்த அரைநாளைத் தள்ளித் தள்ளியே வருடங்கள் போயின.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சுகந்தி என்ற பிள்ளைக்குக் கலியாணம். பதுளையில் ஒரு கோயில் மண்டபத்தில் தாலிகட்டு. பெண் வீட்டாரை ஏற்றிப்போக எங்கள் பஸ்ஸைப் பேசியிருந்தார்கள். கலியாண ஹயர் என்றதும் முதலாளிக்கு உற்சாகம் வந்துவிட்டது. பஸ்ஸை கராஜுக்கு அனுப்பி சிவப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்து, எல்லா ஆட்டத்தையும் நிறுத்தச் சொன்னார். கராஜ் மெக்கானிக்கை பாஸ் என்போம், கெட்டிக்காரர். பழைய சைக்கிள் டியூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒவ்வொரு கண்ணாடிக்கும் அடை கொடுத்தார். தளர்ந்த ஆணிகளை இறுக்கி, கதவுக் கொண்டிக்குத் தோல் வைத்தார். சாமான் பெட்டிக்குள் பழைய சாக்கைத் திணித்தார். மீட்டர் கேபிள் மட்டும் கடையில் இல்லையாம். "அடுத்த கெழம போடலாம்" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு எடுத்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை லயத்து வீடுகளுக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தியதும் தோட்டமே கூடிவிட்டது. வாழைமரம் கட்டி மாலை போட்ட பஸ்ஸோடு நின்று படம் பிடிக்காதவர் இல்லை. பெண்ணைவிட பஸ்ஸுக்குத்தான் அதிகப் படம். சுகந்தியே ஜன்னலால் எட்டிப் பார்த்து, "அந்த பஸ்ஸுக்கே தாலி கட்டுங்க, நான் எறங்கிக்கிறேன்" என்றாள். அவளுடைய தாய்மாமன் வேலு பட்டு வேட்டியோடு படியில் நின்று நேரமாகிறது, நேரமாகிறது என்று கத்திவிட்டு, தானும் போய் பம்பரோடு ஒரு படம் பிடித்துக்கொண்டார்.

நேரம்தான் அன்றைக்கு எல்லாமே. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தாலி ஏற வேண்டும். அது தவறினால் இன்னொரு நாள் பார்க்க வழியில்லை, மாப்பிள்ளை திங்கட்கிழமை வேலைக்காகக் கட்டாருக்கு விமானம் ஏறுகிறவர். போனால் இரண்டு வருடம். மாப்பிள்ளையின் பெரியப்பா ஆரம்பத்திலிருந்தே, "போயிட்டு வந்து கட்டுனா என்ன?" என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். பஸ் வழியிலுள்ள பசறைக்கு வந்தபோது வேலு மாமாவுக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு முகம் கறுத்துப்போய்ச் சொன்னார்:

"பெரியப்பாக்காரரு வாசல்ல நின்னு கடியாரத்தயே பாத்துக்கிட்டு இருக்காராம். பத்தர அடிச்சா சபையக் கலைச்சிருவேங்கிறாராம்."

பசறைக்கு அப்புறம் ரோடு நன்றாக இருக்கும். பஸ் வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போனது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பஸ்ஸை ஓட்டியதில்லை. மூன்றாவது ஜன்னல் வாய் திறக்கவில்லை. கொண்டி அசையவில்லை. பெட்டி தூங்கியது. பின்னால் ஒரே பாட்டும் கைதட்டும். நடத்துனர் ரிஸ்வான் நானா வாசலில் தொங்கிக்கொண்டு தாளம் போட்டார். நானாவுக்கு வாய் ஓயாது. எனக்கும் சேர்த்து அவரே பேசுவார்.

எதிரே வந்த லொறி ஒன்று லைட் அடித்தது. அதன் பின்னால் வந்த வேனும் அடித்தது. பொலிஸ் நிற்கிறது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் பாஷை அது.

"மச்சான், முன்னுக்கு நிக்கிறாங்க போல," என்றார் நானா.

"நிக்கட்டும் நானா. நம்ம முப்பதுகூட தொடல," என்றேன்.

மூன்றாவது ஜன்னலே முனகவில்லையே! ஒரு சின்னக் கடைவீதிக்கு முன்னால், மரத்தடியில் சார்ஜன்ட் ஒருவர் ஸ்பீட் கன்னோடு நின்றார். யோக்கியனுக்கு என்ன பயம்? நான் கையைத் தூக்கி அவருக்கு வணக்கம் வேறு வைத்தேன். அவர் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். பஸ்ஸை நிறுத்த பிரேக்கை மிதித்தபோதுதான், அது நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தைப் பார்த்து, இது முப்பது இல்லை என்று எனக்கு விளங்கியது.

சார்ஜன்ட் நடந்து வந்து கன்னின் பின்பக்கத்தை எனக்குக் காட்டினார். அறுபத்தெட்டு.

"அம்பதுல போகவேண்டிய ரோட்டுல அறுபத்தெட்டுல போறது மட்டுமில்ல, எனக்கு டாட்டா வேற காட்டுறே," என்றார். சிங்களவர்தான், ஆனால் தோட்டத்துக் கடை ஒன்றில் வளர்ந்தவராம், நம்மைப் போலவே தமிழ் பேசினார்.

நானா குதித்து இறங்கினார். "சேர், கலியாண பஸ் சேர், புள்ளைக்கு நேரம் போகுது, இவர் ஒரு நாளும் இப்படி ஓட்டினதில்ல சேர், நான் சத்தியம் பண்றேன்..."

"நீ ட்ரைவரா?"

"இல்ல சேர், நான் கண்டக்டர். அவருக்கு பேச வராது."

"அவர் பேசட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜன்னல் நிறைய முகம். சொல்வதற்குப் பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன். உண்மைதான் வந்தது.

"சேர், பஸ் ஆடல. அதனால வேகம் தெரியல."

"என்னா?"

ஜன்னல், கொண்டி, பெட்டி என்று எல்லாவற்றையும் சொன்னேன். கராஜ் பாஸ் அடைத்ததையும் சொன்னேன். சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பஸ்ஸில் ஏறிக் குனிந்து பூச்சியத்தில் படுத்திருந்த முள்ளைப் பார்த்தார். முள்ளை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். இறங்கி, "இருபது வருஷமா இந்த மெஷினோட நிக்கிறேன்," என்றார். "பஸ்ஸ ரிப்பேர் பண்ணினதால மாட்டினவன் நீ ஒருத்தன்தான்."

சிரித்துவிட்டு விட்டுவிடுவார் என்று நினைத்தோம். சிரித்தார், வேகத்துக்கு ஒரு தண்டச் சீட்டு எழுதினார். பிறகு இன்னும் பலமாகச் சிரித்துக்கொண்டே மீட்டருக்கு இன்னொன்று எழுதினார். லைசன்ஸைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு மீட்டரப் போட்டுட்டு வந்து காட்டு. அதுவரைக்கும் இந்தச் சீட்டு உனக்கு லைசன்ஸ்." மறுநாள் பதுளையில் கேபிள் தேடிப்பிடித்து, அந்த அரைநாள் வேலையை முடித்துத்தான் போய் லைசன்ஸை வாங்கினேன்.

மணி பத்தாகிவிட்டது. இன்னும் பன்னிரண்டு கிலோமீற்றர், எல்லாம் வளைவு.

தம்பிமாரே, இனித்தான் நான் சொல்ல வந்தது.

வேலு மாமா என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றார். "ஏறி மிதிங்க தம்பி! ஒருக்கா புடிச்சவங்க மறுபடி புடிக்க மாட்டாங்க. ஒரே மிதி, பத்து இருபதுக்கு வாசல்ல நிப்போம்!"

"அறுபதுலயே போங்கண்ணே, தண்டத்த நாங்க பாத்துக்கிறோம்!" என்றது பின் சீட்டு.

நான் சாவியில் கை வைத்தேன். திருப்பவில்லை. தன் வேகம் தெரியாதவன் இரண்டு விதமாகத்தான் ஓட்டுவான். பயந்து ஊர்ந்து போவான், இல்லாவிட்டால் துணிந்து போய்ப் பள்ளத்தில் விழுவான். ஊர்ந்தால் சுகந்திக்கு இரண்டு வருடம். விழுந்தால் அதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரே வழிக்கு ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். அவசரத்தில் இருக்கிறவர்களிடம் நில்லுங்கள் என்று சொல்வதைவிடக் கஷ்டமான வேலை நம் தொழிலில் இல்லை. அதுவும் நான் சொல்ல வேண்டும்.

எழுந்து திரும்பினேன். "பஸ் இப்ப போகாது," என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. தெருவில் போன நாய் நின்று பார்த்தது. "எல்லாரும் பக்கத்து ஜன்னல்ல இருக்கிற ரப்பரப் புடுங்குங்க. எனக்கு சத்தம் வேணும்."

"பைத்தியமா தம்பி ஒனக்கு?" என்றார் வேலு மாமா. "தாலிக்கு நேரம் போகுது, இவருக்கு ரப்பர் புடுங்கணுமாம்!"

நானா மட்டும் ஒரு நொடியில் புரிந்துகொண்டார். "அல்லாஹ்வே, மச்சான் செல்றது சரி! புடுங்குங்கம்மா, புடுங்குங்க! பஸ்ஸ பழையபடி ஆக்குங்க!"

யாருக்கும் நகம் போதவில்லை. கீற்றை அவ்வளவு இறுக்கிச் செருகியிருந்தார் பாஸ். அப்போது சுகந்தி தன் சடை அலங்காரத்துக்குள் கையை விட்டு ஒரு கொண்டை ஊசியை உருவினாள். அவள் உட்கார்ந்திருந்தது இடது பக்கம் மூன்றாவது ஜன்னல். ஊசியைக் கொடுத்து நெம்பி, முதல் கீற்றை மீன்குடல் மாதிரி இழுத்தெடுத்து ரோட்டில் எறிந்தாள்.

"என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க? எல்லாரு தலையிலயும் ஊசி இருக்குதானே!"

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? பட்டுப்புடவைக்காரிகள் எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். இரண்டு மணி நேரம் கட்டிய கொண்டைகள் சரிந்தன. மல்லிகைப்பூவும் ரப்பர்த் துண்டும் கலந்து பறந்தன. வேலு மாமா திட்டிக்கொண்டே பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, பின்கதவுத் தோலைப் பல்லால் கடித்து இழுத்தார். நானா என் சீட்டுக்கடியில் தலையை விட்டுச் சாக்கை உருவினார். கடைவீதியே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். என்னைச் சிரிக்கப் பார்த்து நானா, "இவருக்கும் கழண்டு போச்சு," என்றார்.

ரப்பரெல்லாம் எடுத்தாயிற்று. ஆனால் ஒரு சந்தேகம். கராஜில் இறுக்கிய ஆணிகள் அப்படியே இருக்கின்றன. பழைய சத்தம் பழைய வேகத்திலேயே வருமா? தலையை வெளியே நீட்டி சார்ஜன்டைப் பார்த்தேன். கேட்க வாய் வரவில்லை. அவருக்கே விளங்கிவிட்டது.

"நீ போ," என்றார். "நான் பின்னால இருந்து புடிக்கிறேன். நாப்பத்தஞ்சு வந்ததும் கையத் தூக்குறேன். அந்தச் சத்தத்த மனசுல புடிச்சுக்க. அதுக்கு மேல போனா முன்னுக்கு நிக்கிறவர் என்ன மாதிரி சிரிக்க மாட்டார்."

பஸ்ஸை எடுத்தேன். நானா பின்வாசலில் தொங்கிக்கொண்டு அவரையே பார்த்தார். ஜன்னல் முனகியது. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். கொண்டி தட்டியது. பிறகு பெட்டி.

"தூக்கிட்டார்! கையத் தூக்கிட்டார் மச்சான்!"

நாற்பத்தைந்து! அதுதான் சத்தம், முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் மெலிந்த சத்தம். ஆனால் அதே நேரத்தில் பஸ் முழுவதும் விசிலும் கைதட்டும் வெடித்தது. சத்தம் போன இடம் தெரியவில்லை.

"வாய மூடுங்க!" என்று கத்தினேன். கலியாண வீட்டாரைப் பார்த்து அப்படிச் சொன்ன ஒரே சாரதி நான்தான். "யாரும் பேசக் கூடாது. எனக்கு பஸ் பேசுறது கேக்கணும்."

நாற்பது பேர் மூச்சை அடக்கினார்கள். பெண்கள் வளையலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மேளக்காரர் மேளத்தை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார். சிக்னல் கிடைக்காத போனை ஒருவர் தூக்கிப் பிடித்து, வேகம் பார்க்கும் ஆப் ஒன்று இருக்கிறது, டவுன்லோட் பண்ணினால் போதும் என்று கிசுகிசுத்தார். பக்கத்திலிருந்தவர் அவர் வாயைப் பொத்தினார். வளைவில் இறங்கி, நேரில் மிதித்து, பெட்டி கிலுகிலுத்ததும் காலை நிறுத்தினேன். ஜன்னல், கொண்டி, பெட்டி. ஜன்னல், கொண்டி, பெட்டி.

வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். வாழைமரம், மாலை, சிவப்பும் மஞ்சளும். உள்ளே தலைமுடி கலைந்த பெண்கள், ஒருவர்கூட வாய் திறக்காமல் நேரே பார்த்துக்கொண்டு. ரோட்டோரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர், செத்த வீட்டு பஸ் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாயின் தோளில் வாயை அழுத்திக்கொண்டு குலுங்கினாள். அது சீட்டுச் சீட்டாகப் பரவி, முழு பஸ்ஸும் சத்தமில்லாமல் குலுங்கியது. அப்படிக் குலுங்கினால் கொண்டி கூடுதலாகத் தட்டுமோ என்று எனக்கு வேறு பயம்.

டவுனுக்கு முன்னால் இரண்டாவது கன் நின்றது. மாமா சொன்னபடி மிதித்திருந்தால் நேரே அதன் வாயில் போய் விழுந்திருப்போம். அந்தப் பொலிஸ்காரர் கன்னைத் தூக்கிப் பிடித்தார். நாற்பது பேரும் கண் இமைக்காமல் அவரைப் பார்த்தார்கள். அவர் கன்னைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி கன்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை இறக்கிவிட்டார். வேலு மாமா என் தோளில் கை வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று ஞாபகம் வந்திருக்கும்.

கோயில் வாசலில் நிறுத்தியபோது பத்து இருபத்தாறு. பெரியப்பா உண்மையாகவே கடிகாரத்தோடுதான் நின்றார். சுகந்தி படியில் நிற்கவில்லை. புடவையை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு குதித்து, "வழி விடுங்க பெரியப்பா!" என்று அவரை இடித்துக்கொண்டு ஓடினாள். அவள் பின்னால் கொண்டை அவிழ்ந்த கூட்டம் முழுவதும் ஓடியது. நான் சீட்டிலேயே இருந்துவிடப் பார்த்தேன். நானா விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மண்டப வாசலில், செருப்புகளுக்கு நடுவில் நிறுத்தினார்.

ஐயர் அவசர அவசரமாகத் தாலியை எடுத்துக் கொடுத்தார். பெண் வீட்டார் பக்கம் குலவை இல்லை, பேச்சு இல்லை. பன்னிரண்டு கிலோமீற்றர் வாயை மூடிப் பழகிவிட்டார்கள், திறக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளை பக்கத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாலி கழுத்தைத் தொடும்போது பெண் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், அதுதான் முறை. சுகந்தி எங்கள் பக்கம் திரும்பி, வளையலை இறுக்கிப் பிடித்தபடியே நின்ற தாயையும் மாமாவையும் பார்த்தாள். அடக்க முடியாமல், மண்டபம் அதிர வாய்விட்டுச் சிரித்தாள். என்ன ஏது என்று தெரியாமல் மாப்பிள்ளையும் சிரித்தார். சிரிப்பில் கை ஆடி, முதல் முடிச்சு நழுவி, அவர் மறுபடி போட வேண்டியதாயிற்று.

மூன்றாவது முடிச்சை அவர் இறுக்கும்போது பெரியப்பாவின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.